ப்ராடக்ட் கம்பெனிக்குப் போனால் கை துருப்பிடித்துவிடுமா?

கேள்வி
9 ஜனவரி 2024

மூன்று வருடமாகச் சோழிங்கநல்லூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் (பிற கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுப்பது) ஜாவா வேலை. இப்போது பெங்களூரில் ஒரு பெரிய என்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. பேரோல் ப்ராடக்ட், அதாவது சம்பளம் கணக்கிடும் மென்பொருளை அவர்களே செய்து விற்கிறார்கள். எனக்குச் சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் டீம் லீட் சொல்கிறார்: "அங்கே போனால் கோடே எழுத மாட்டாய். இருபது வருடப் பழைய குப்பையைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வெளியே வந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்." அப்பா போ என்கிறார். உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும்.

பதில்
9 ஜனவரி, இரவு

அதே மாதிரி ஒரு கம்பெனியில், அதே பேரோலில், 2012 பிப்ரவரியிலிருந்து 2023 மார்ச் வரை இருந்தேன். தலைமையகம் வெளிநாட்டில், எங்கள் சென்டர் பெங்களூரில். பெயர் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

டீம் லீட் சொன்னதில் கோட் பற்றியது உண்மை. முதல் ஆறு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை. படித்தேன். ஒரே ஒரு ஊழியரின் ஒரு மாதச் சம்பளம் எப்படிக் கணக்காகிறது என்று டிபக்கரில் (கோட் ஓடுவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் கருவி) ஒவ்வொரு அடியாகப் போய்ப் பார்க்க எனக்கு மூன்று நாள் ஆனது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, விடுப்புக் கழிவு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), தொழில் வரி, வருமான வரி, கடைசியில் வங்கிக்குப் போகும் தொகை. இடையில் போன மாதத்து அரியர்ஸ் ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிடப் போனதே நினைவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது.

குப்பை என்று சொன்னதை ஏற்கமாட்டேன். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

10 ஜனவரி

நேற்று சொன்னதற்கு முன்னால் ஒன்று. ஆஃபர் கொடுத்தவர்களிடம் கேளுங்கள்: எந்த டீம்? புதிய டெவலப்மென்டா, மெயின்டனன்ஸா, இல்லை லோக்கலைசேஷனா? லோக்கலைசேஷன் என்றால் ஒரு நாட்டின் சட்டத்துக்கு ஏற்றபடி ப்ராடக்டை வைத்திருக்கும் டீம். நான் இருந்தது அது. இந்தியா பேரோல். கம்பெனி பெயரைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் அடுத்த ஐந்து வருடம் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். ஹெச்ஆர் மழுப்பினால், சேரப்போகும் மேனேஜரோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

13 ஜனவரி

குப்பை பற்றி.

2018 செப்டம்பர் முதல் வாரம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையிலிருந்து டிக்கெட், அதாவது வாடிக்கையாளரின் புகார்ப் பதிவு. அங்கே ஆகஸ்டில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜூன் 1 முதல் என்று பின்தேதியிட்டு அமல்படுத்தியிருந்தார்கள். அந்த மாதிரி வந்தால் சிஸ்டம் ஜூனுக்குத் திரும்பிப் போய் ஜூன், ஜூலை இரண்டையும் மறுபடி கணக்குப் போட்டு, வித்தியாசத்தை ஆகஸ்டில் கொடுக்கும். ரெட்ரோ என்போம்.

டிக்கெட்டில் ஒரே வரிதான் இருந்தது. ஈஎஸ்ஐ தவறு. போனில் பிடித்தேன். ஹெச்ஆர் அம்மா ஒருவர். ஐம்பது வயது இருக்கும் குரல். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"போன மாச சலானையும் இந்த மாச சலானையும் வெச்சு எண்ணினனுங்க. மூணு பேரு கொறையறாங்க. ஃபிட்டருங்க மூணு பேரு. ஜூன்ல சம்பளம் இருபத்தோராயிரத்தத் தாண்டினாலும் செப்டம்பர் முடியற வரைக்கும் பிடிக்கோணுமுங்க. உங்க சிஸ்டம் ஜூன்லயே நிறுத்திப்போட்டுப் பிடிச்ச காசையும் திருப்பிக் குடுக்குதுங்க."

அவர் சொன்னது சரி. ஈஎஸ்ஐயில் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. காலத்தின் நடுவில் சம்பளம் ஈஎஸ்ஐக்கான 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். எங்கள் கோட் சாதாரண மாதத்தில் இதைச் சரியாகவே செய்தது. ரெட்ரோவில் பின்னால் போகும்போது மட்டும், புதிய ஜூன் சம்பளத்தை வரம்போடு நேரடியாக ஒப்பிட்டு, ஆளை வெளியே தள்ளிவிட்டது. இன்னொரு விஷயம், விட்டுப்போன மாதத்துக்கான தொழிலாளியின் பங்கை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் கிடையாது. அந்தக் காலத்துச் சம்பளத்தில்தான் பிடிக்க வேண்டும். தவறினால் முதலாளி கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த ஃபிட்டர் ஒருவருக்கு மாதம் 378 ரூபாய். ஆலைக்கு அது ஒரு தொகையா என்று கேட்பீர்கள். அந்த அம்மாவுக்கு அது தொகை. மூன்று பேர் பெயர் பட்டியலிலிருந்து விழுந்ததைக் கையால் எண்ணிக் கண்டுபிடித்தவர் அவர்.

திருத்தம் நான்கு வரி. டெஸ்ட் செய்ய ஒன்பது நாள். ஏனென்றால் அந்த நான்கு வரி, இதே ப்ராடக்டை வைத்திருக்கும் எல்லா வாடிக்கையாளருக்கும் போகும். அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த விசித்திரமான ஒவ்வொரு வரியும் இப்படி யாரோ ஒருவர் போன் செய்து வந்த வரி. அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

17 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் பரணில் பழைய டைரிகள் கிடைத்தன. 9-ம் தேதி எழுதியதில் ஒரு தவறு. ஆறு மாதம் ஒரு வரி எழுதவில்லை என்றேன். 2012 ஜூன் மாதத்தில் ஒரு பதிவு இருக்கிறது.

அந்த வருட பட்ஜெட் மார்ச் 16-ல்தான் வந்தது. நான் சேர்ந்து ஒரு மாதம். வரிவிலக்கு வரம்பு 1.80 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. அதுவரை பெண்களுக்குத் தனி வரம்பு உண்டு, கடைசியாக 1.90 லட்சம். அந்த வருடத்தோடு அது எடுபட்டு எல்லோருக்கும் ஒரே வரம்பானது. கோடில் 'பெண் ஊழியர் என்றால்' என்று ஒரு கிளை அப்படியே நின்றது. சட்டத்திலேயே இல்லாத கிளை எதற்கு என்று அழித்துவிட்டு ரிவ்யூவுக்கு அனுப்பினேன்.

எங்கள் டீமில் கோட்டயத்துக்காரர் ஒருவர், எல்லோரும் சேட்டா என்று கூப்பிடுவோம். அவர் என் இடத்துக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன வருஷத்துக்கான படிவம் 16-ஐ யாராவது மறுபடி எடுத்தால்?" என்று கேட்டார். படிவம் 16 என்பது கம்பெனி ஊழியருக்குத் தரும் வரிப் பிடித்தச் சான்று. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஒரு பெண் வீட்டுக் கடனுக்காகப் போன வருடத்து படிவத்தை மறுபடி கேட்கலாம். அந்தக் கிளை இல்லாவிட்டால் அவருக்கு வேறொரு வரி அச்சாகும். "அழிக்காதே. தேதி போடு" என்றார். கிளை அப்படியே இருக்கட்டும், 31 மார்ச் 2012 வரை மட்டும் செல்லும் என்று நிபந்தனை சேர். அவ்வளவுதான்.

அதன் பிறகு பதினோரு வருடத்தில் நான் எதையும் அழித்ததில்லை. தேதிதான் போட்டேன். டைரியில் அன்றைக்கு எழுதியிருப்பதும் அந்த இரண்டு சொல்தான், சேட்டா சொன்ன மாதிரி மலையாளத் தமிழில்.

20 ஜனவரி

"பழைய ப்ராடக்ட் என்றால் செத்துப்போகாதா" என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்.

சீக்கிரம் சாகாது. எஸ்ஏபி என்ற என்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் தொடங்கியது. அவர்களின் ஆர்/3 என்ற ப்ராடக்ட் வந்தது 1992-ல். அதன் வழியில் வந்த ஈசிசி என்ற ப்ராடக்டுக்கு 2025 வரைதான் பராமரிப்பு என்றார்கள். வாடிக்கையாளர்கள் அவ்வளவு சீக்கிரம் மாற முடியாது என்றானதும் 2020 பிப்ரவரியில் 2027 வரை நீட்டித்தார்கள். ஹெச்ஆர், பேரோல் ப்ராடக்ட் செய்த பீப்பிள்சாஃப்ட் கம்பெனியை ஆரக்கிள் கம்பெனி ஒன்றரை வருடம் விடாமல் துரத்தி 2005 ஜனவரியில் வாங்கி முடித்தது, சுமார் 1,030 கோடி டாலர். வாங்கிய கையோடு ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பீப்பிள்சாஃப்ட் என்ற ப்ராடக்ட் இன்றைக்கும் ஓடுகிறது. அதை நிறுவிய டேவிட் டஃபீல்ட் அதே 2005-ல் அனீல் பூஸ்ரியோடு சேர்ந்து வொர்க்டே தொடங்கினார். மறுபடியும் ஹெச்ஆர், பேரோல்தான்.

ஆக ப்ராடக்ட் நீடிக்கும். அதைச் செய்கிறவர்கள் நீடிப்பார்களா என்பது தனிக் கேள்வி. அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

24 ஜனவரி

நல்லதை மட்டும் எழுதுகிறேன் என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது நியாயம். அவள்தானே கூட இருந்து பார்த்தவள்.

மீட்டிங். ஒரு நாளில் நான்கு மணி நேரம் போகும். தலைமையகத்தின் காலை நமக்கு மதியம், அமெரிக்காவின் காலை நமக்கு இரவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். என் மகன் பிறந்த முதல் வருடம், ஒன்பது மணிக் கால் முடித்துவிட்டு வந்து பார்த்தால் தூங்கியிருப்பான்.

ரீ-ஆர்க், அதாவது நிர்வாக அமைப்பை மாற்றுவது. பதினோரு வருடத்தில் எனக்கு ஏழு மேனேஜர்கள். அதில் நான் வேறு டீமுக்கு மாறியது ஒருமுறைகூடக் கிடையாது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன், மேலே பெட்டிகள் மாறின. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவருக்கு ரெட்ரோ என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ரேட்டிங். டீமில் எட்டுப் பேரும் நன்றாகச் செய்தாலும் ஒருவரைக் கீழே தள்ள வேண்டும். ஒரு வருடம் எங்கள் மேனேஜர் அந்த ஒருவராக, குழந்தை பெற்றுக்கொண்டு விடுப்பில் இருந்த பெண்ணின் பெயரைப் போட்டார். விடுப்பில் இருந்தவருக்கு எதை வைத்து மதிப்பெண் என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. கேட்டதற்காகத்தான் என்று நிரூபிக்க முடியாது. மறுபடி அந்த நிலை வந்தாலும் கேட்பேன்.

புதிதாக ஒன்றைக் கட்டினால் மேடையில் கைதட்டல். பழையது உடையாமல் பார்த்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இது என்னைப் பல வருடம் அரித்தது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

1 பிப்ரவரி

ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டதாகத் தகவல். நல்லது. லோக்கலைசேஷன் டீம்தானாம். மிகவும் நல்லது.

இன்றைக்கு இடைக்கால பட்ஜெட். வருமான வரி விகிதத்தில் மாற்றம் இல்லை. காலை பதினொரு மணிக்கு என்னையறியாமல் டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருடப் பழக்கம்.

பட்ஜெட் நாள் எங்கள் தளத்தில் திருவிழா. பெரிய கான்ஃபரன்ஸ் ரூமில் புரொஜெக்டரில் நிதியமைச்சர் உரை. ஆளுக்கொரு நோட்டு. வருமான வரிப் பகுதி எப்போதும் கடைசியில்தான் வரும். அதுவரை மற்ற திட்டங்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்போம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரிக் கணக்குக்கு முன் சம்பளத்தில் கழிக்கும் நிலையான தொகை) எவ்வளவு ஏறும் என்று ஃபில்டர் காபி பந்தயம் நடக்கும். 2018-ல் 40,000 என்று அறிவித்தபோது அறையில் ஒரே சத்தம். ஆனால் கூடவே 19,200 போக்குவரத்துப் படி விலக்கும் 15,000 மருத்துவச் செலவு விலக்கும் போயின. ஊழியருக்கு நிகர லாபம் 5,800-தான். எங்களுக்கோ மூன்று இடத்தில் வேலை. வரியின் மேல் போடும் செஸ் மூன்று சதவீதத்திலிருந்து நான்கானது நான்காவது.

2017-க்கு முன் பட்ஜெட் பிப்ரவரி கடைசி நாளில் வரும். ஏப்ரல் 1-க்கு ஒரு மாதம்தான். பிப்ரவரி 1-க்கு மாற்றியபோது நாட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் பேசினார்கள். எங்கள் டீமில் கேக் வெட்டினோம்.

2 பிப்ரவரி

தொழில் வரி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவுப்படி ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் வாங்குகிறது. கர்நாடகத்தில் 2024-ல் மாதம் 200. மகாராஷ்டிரத்திலும் மேல் படிக்கு மாதம் 200. நம் ஊரில் உள்ளாட்சி அமைப்பு வாங்குகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை, ஆறு மாத வருமானத்தைக் கூட்டி. டெல்லியில் கிடையவே கிடையாது. ஒருவர் ஜூலையில் பெங்களூரிலிருந்து சென்னைக்கு மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சேருவதற்கு முன் போட்டுப் பார்க்க நல்ல கணக்கு.

3 பிப்ரவரி

புனேயிலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார். மகாராஷ்டிரத்தில் பதினோரு மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. அப்போதுதான் 2,500 முழுதாக வரும். ஆமாம், விட்டுவிட்டேன். அந்த பிப்ரவரிக்கென்று தனி டெஸ்ட் கேஸ் வைத்திருந்தவன் நான், எழுதும்போது விட்டுப்போனது. நன்றி.

14 ஏப்ரல்

ஜனவரி 20-ல் எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். இங்கே வேலை போன இரண்டு பேர் வாய்விட்டு எழுதியதைப் படித்த பிறகு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

2023 மார்ச். வியாழக்கிழமை. காலை ஒன்பதே முக்கால் மணிக்கு காலண்டரில் ஒரு அழைப்பு, பதினைந்து நிமிடம், தலைப்பில் என் பெயர் மட்டும். திரையில் இரண்டு பேர். ஒருவர் என் ஏழாவது மேனேஜர், இன்னொருவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எழுதி வைத்ததைப் படித்தார்கள். உங்கள் பொறுப்பு நீக்கப்படுகிறது என்றார்கள். மேனேஜர் கேமராவைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது.

பணத்தில் குறை சொல்ல மாட்டேன். நோட்டீஸ் சம்பளம், வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, விடுப்புப் பணம், கிராஜுட்டி எல்லாம் சொன்ன தேதியில் வந்தன. எனக்கு இன்றும் ஆறாதது வேறு. அது மார்ச். வருடக் கடைசிக் கணக்கு. புதிய வரி முறைதான் இனி இயல்பு நிலை, வேண்டுமென்றால் பழையதைத் தேர்ந்தெடு என்று அந்த பட்ஜெட் தலைகீழாக்கியிருந்தது. ஏப்ரல் சம்பளத்துக்கு முன் போக வேண்டிய பேட்ச் (ப்ராடக்டைத் திருத்தும் கோட்) என் கையில் பாதியில் இருந்தது. யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள்.

கவலைப்படாமல் எப்படி இருப்பது? அந்த பேட்ச் சரியில்லாவிட்டால் ஏப்ரல் 30 அன்று யாரோ ஒருவரின் கையில் நான்காயிரம் ரூபாய் குறையும். அவருக்கு வீட்டு வாடகை இருக்கும்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. 200 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, மேலட்டை போய் செலோடேப் ஒட்டியது. சிஸ்டத்தில் இருந்து எடுத்தது எதுவும் அதில் கிடையாது. சட்டத்தில் இப்படி, இப்படி வந்தால் கையால் போட்ட கணக்கில் விடை இவ்வளவு என்று நான் பேனாவால் எழுதிய கேஸ்கள். நூற்றுப் பத்தோ என்னவோ இருக்கும். 41-வது, கோயம்புத்தூர் ஃபிட்டர்கள். மறுநாள் சாயங்காலம் குந்தலஹள்ளி கேட் பக்கத்து டீக்கடைக்கு என் டீமில் இருந்த பெண்ணை வரச் சொன்னேன். திருநெல்வேலிப் பெண், சேர்ந்து இரண்டு வருடம். நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. வண்டியில் வீட்டுக்கு வரும்போது மாரத்தஹள்ளி பாலத்தில் நிறுத்திக்கொண்டேன்.

15 ஏப்ரல்

கிராஜுட்டி எப்படிக் கணக்கு என்று கேட்டவருக்கு, 2024 விதிப்படி: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, முடித்த வருடங்களால் பெருக்குங்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதையும் ஒரு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வரிவிலக்கு 20 லட்சம் வரை. கையெழுத்துப் போடும் முன் இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எனக்குத் தந்த தாளில் ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை. நம் ப்ராடக்டில்தானே ஓடியது.

18 ஏப்ரல்

"வெளியே வந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று டீம் லீட் சொன்னாரே, உங்களை எடுத்தார்களா?"

ஐந்து மாதம் எடுக்கவில்லை. ஒன்பது இன்டர்வியூ. எல்லாவற்றிலும் மர வடிவத் தரவைத் தலைகீழாக்கு, இரண்டு பட்டியலை இணை என்று கேட்டார்கள். அதெல்லாம் கல்லூரியில் செய்தது. கை வரவில்லை. அந்த வகையில் உங்கள் டீம் லீட் சொன்னது எனக்கு நடந்தது, மறைக்க மாட்டேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்தக் கணக்குகளைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருங்கள். ப்ராடக்டுக்குள் அதற்கு வேலை வராது. வெளியே வாசலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

பத்தாவது இடம் சென்னையில் ஒரு பேரோல் சர்வீஸ் நிறுவனம். அறுபது பேர். பல கம்பெனிகளுக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கிறார்கள். இன்டர்வியூ எடுத்தவர் ஒரு ஆடிட்டர். ஒரே கேள்விதான் கேட்டார். பின்தேதியிட்ட ஊதிய உயர்வில் ஈஎஸ்ஐ வரம்பை எப்படிப் பார்ப்பீர்கள்? முக்கால் மணி நேரம் பேசினேன். சம்பளம் முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு. ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன்.

6 மே

சேர்ந்துவிட்டீர்களா, சந்தோஷம். முதல் வாரமே ரெட்ரோவைப் பார்த்து மிரண்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிரளுங்கள். மிரளாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பழைய கதை ஒன்று. 2020 மே 13, பிஎஃப் பங்களிப்பை 12-லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு. மே, ஜூன், ஜூலை மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும். அறிவிக்கை 18-ம் தேதி. பல வாடிக்கையாளர்களுக்குச் சம்பளக் கணக்கு 22-ம் தேதி மூடும். நான் ஊரடங்கில் மன்னார்குடியில் மாமனார் வீட்டில் இருந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். மே மாத வெயில். தொட்டி நிழல் நகர நகர நானும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வேலை செய்தேன். பன்னிரண்டைப் பத்தாக்கினால் போதும் என்று தோன்றும். முதலாளி பங்கில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, அது குறையாது. ஆகவே 3.67 ஆக இருந்த மீதி 1.67 ஆகும். பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் முதலாளி பங்கு பழையபடி 12. ஆகஸ்டில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். செப்டம்பரில் யாராவது ஜூனுக்கு ரெட்ரோ ஓட்டினால் அப்போது மறுபடி 10 வர வேண்டும்.

அதாவது, தேதி போட வேண்டும்.

23 ஜூலை

பட்ஜெட் பார்த்தீர்களா? வருடத்தின் நடுவில் விகிதம் மாறியிருக்கிறது, அதுவும் ஏப்ரல் 1 முதல் என்று. புதிய முறையில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000-லிருந்து 75,000. 2024-25-க்கு ஐந்து சதவீதப் படி 7 லட்சம் வரை, பத்து சதவீதம் 10 லட்சம் வரை. இப்போது நான் மேஜைக்கு அந்தப் பக்கம். பேட்ச் எப்போது வரும் என்று காத்திருக்கிறவன்.

சாயங்காலமே ஒரு கேஸ் கையால் போட்டேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருடச் சம்பளம் 12 லட்சம், புதிய முறை. பழைய விகிதப்படி செஸ்ஸோடு வரி 85,800, மாதம் 7,150. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் பிடித்தது 28,600. புதிய விகிதப்படி வருட வரி 71,500. மீதி 42,900-ஐ எட்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 5,362 ரூபாய் 50 பைசா. பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, மீதி மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் ஜூலையோடு வேலையை விட்டுப் போகிறவருக்கு மாதங்கள் மீதியில்லை. அவரை மறந்துவிடாதீர்கள்.

19 ஆகஸ்ட்

நிதி மசோதா 16-ம் தேதி சட்டமாகிவிட்டது. எங்களுக்கு பேட்ச் வந்து போட்டாயிற்று. நான் வேலை செய்த அதே ப்ராடக்டின் பேட்ச். முதல் முறையாக வெளியிலிருந்து வாங்கிப் போடுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் முதலில் ஓட்டியது ஒரு நூற்பாலை, 640 பேர். ஒருவர் கணக்கும் பிசகவில்லை.

அன்றைக்கு இரவு திருநெல்வேலிப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. "அண்ணா, நோட்டு தீர்ந்துபோச்சு, ரெண்டாவது நோட்டு போட்டிருக்கேன்." கூடவே ஒரு படம். அதே லாங் சைஸ், புது அட்டை, முதல் பக்கத்தில் கேஸ் எண் 118. ஜூலையோடு வேலையை விட்டவர்.

26 ஆகஸ்ட்

தொழில் வரி டிக்கெட் பற்றி நீங்கள் இன்று கேட்டதற்கு: பெங்களூரிலிருந்து ஜூலையில் சென்னைக்கு மாறியவருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை கர்நாடகத்தில் பிடித்ததைத் தொடாதீர்கள். சென்னையின் அரையாண்டு வருமானத்தில் எந்த மாதங்களைச் சேர்ப்பது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல், அந்த வாடிக்கையாளரின் சம்பளப் பிரிவில் இருப்பவருக்குப் போன் போட்டு அவர்கள் இதுவரை எப்படிக் கட்டினார்கள் என்று கேளுங்கள். மெயில் வேண்டாம், போன். செப்டம்பர் சம்பளத்தில் பிடித்தம் வரும், அதனால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். காலை பதினொன்றரைக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள்.